செவலைக்குத் தைத்த கோணி

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், புறங்கையால் என் காதைத் தொட்டது.

ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, தங்க இடம் தேடி அவருடைய தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே, போதமலையைப் பார்த்துப் போகிற வண்டிப் பாதையில் தனியாக இருந்த வீடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடின. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், பி.ஏ. படித்தவன், அந்தப் படிப்பு முகத்தில் தெரியும்படி நடந்துகொள்கிறவன். முன்னறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கிட்டே வந்து காதைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குது. மொதல்ல அடுப்புக்கிட்ட வந்து உக்காருங்க சாமி. வாடகையெல்லாம் பொறவு பேசிக்கலாம்."

எனக்கென்று செய்த உபசாரம் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கன்றுக்குட்டியின் காதையும், பூனையின் காதையும், செவலை என்ற நாயின் காதையும் அதே புறங்கையால் தொட்டுப் பார்ப்பதைக் கண்டேன். வரிசையில் நான் கடைசி.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளையில்லை. கடலையும் கம்பும் விளைகிற நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டார். கூலி விஷயத்தில் கறார். வாய்க்கால் தகராறு என்றால் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பாதையில் நிற்பார். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. தன் வீட்டைச் சேர்ந்த ஏதோ ஒன்று வெளியே குளிரில் கிடக்கிறது என்ற பயம்.

ஐப்பசி கழிந்தால் அவருடைய கை ஓயாது. தொழுவத்தின் வடபுறத்துக்குச் சோளத்தட்டில் தட்டி கட்டச் சொல்வார். கவுதாரிக் கூண்டைத் தரையிலிருந்து தூக்கி உத்தரத்தில் மாட்டி, மூன்று பக்கம் சாக்கு சுற்றுவார். காற்றுக்கு ஒரு பக்கம் விடவேண்டும் என்பார். நாய்க்கு வைக்கோல் படுக்கை. அதற்கு மேல் கோணிப்பை, உள்ளே பழைய சேலை வைத்துத் தைத்தது. பனி கடுமையாக இருந்தால் மணலை வறுத்துத் துணியில் முடிந்து வைக்கோலுக்கு அடியில் செருகுவார். தை முடியும்வரை நாயைக் குளிப்பாட்டக் கூடாது. கூழை வெதுவெதுப்பாகத்தான் ஊற்ற வேண்டும். காலையில் கோணிகளையெல்லாம் வெயிலில் உதறுவார். முடி பறக்கும். உதறிய கோணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முடி அதிகம் கொட்டியிருந்தால் அது நன்றாகத் தூங்கியது என்று கணக்கு.

பண்ணையாள் சடையன் ஒருநாள் கேட்டான்.

"ஆத்தா, எனக்கும் ரெண்டு காது இருக்குதுங்க."

"உனக்குத்தான் வாயில எந்நேரமும் பீடி எரியுதே. காதுக்கு அந்தச் சூடு போதாதாடா?"

சொன்னாரே தவிர, மறுவாரச் சந்தையில் அவனுக்கு ஒரு கம்பளி வாங்கிவந்தார். துணிக்கு அத்தனை தட்டுப்பாடு இருந்த நாளில் அதை எப்படிப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

அவருடைய தம்பி நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தார். தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்த அம்மாள், எல்லாருக்கும் பிடித்திருந்த அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. ஆனா அவங்கூட்டு நாயி ஈரக் கல்லு மேல சுருண்டு கெடக்குது. அல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. ஒருத்தருக்குக்கூட ஒரு சாக்கு எடுத்துப் போடத் தோணல. அந்த ஊட்டுல வளந்த புள்ள, நாளைக்கு நம்ம பையன் காய்ச்சல்ல கெடந்தா என்னத்தைப் போத்தும்?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். சம்பந்தம் நின்றது நின்றதுதான்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. கடிதம் எழுதும்போது நண்பர்களுக்கு இவரைப் பற்றி எழுதிச் சிரிப்பேன். ஆனால் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் புறங்கைக்காக என் காது காத்திருக்கத் தொடங்கியது. என் தாய் நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

கார்த்திகை தீபத்துக்கு அவர் தம்பி வீட்டுக்குப் போனார். சடையனும் வண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"பொழுதோட செவலையை உள்ள சேத்துத் தட்டியைச் சாத்திருங்க. மத்ததெல்லாம் அடைச்சாச்சு. அது மட்டுந்தான் நீங்க கூப்பிட்டா வரும். உங்களை நம்பித்தான் போறேன் சாமி."

அன்று மாலை வாடை விசிறியது. நான் கதவைச் சாத்திப் போர்வைக்குள் புகுந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். செவலை வந்து கதவைப் பிறாண்டியது. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுவோம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு பக்கம். போர்வை சூடேறியிருந்தது, எழுந்தால் அந்தச் சூடு போய்விடும். பிறாண்டல் நின்றது. நாய்தானே, எங்காவது படுத்திருக்கும் என்று தூங்கிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். குளிருக்குச் சோம்பல்பட்டு ஒரு நாயை வெளியே விட்டேன்.

விடிகிற வேளையில் நாய்கள் உருளும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது, தாடை தொங்கி எச்சில் வழிகிற ஒரு வேற்று நாய் கிளுவை வேலியைத் தாண்டித் தள்ளாடிக்கொண்டு போவதைக் கண்டேன். செவலையின் முன்னங்காலில் இரண்டு பல் பதிந்த காயம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், அடுத்த தோட்டத்தார் அந்த வேற்று நாயை அடித்துப் பாதையோரம் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெறி முத்தின நாயிங்க, வாத்தியாரே. உங்க தோட்டத்துப் பக்கம் வந்துச்சுங்களா?"

"இல்லை" என்றேன்.

வெறிநாய்க்கடி என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எச்சிலில் இருக்கிறது, வாரக்கணக்கில் உள்ளே பதுங்கியிருக்கும், வெளிப்பட்டால் மீட்சியில்லை என்று வகுப்பில் பாடம் சொன்னவன் நான். இருந்தும் காயத்தை மஞ்சள் வைத்துக் கழுவினேன். திரும்பி வந்த அம்மாளிடம் வேலிமுள் கிழித்தது என்றேன். உண்மையைச் சொன்னால், நாய் ஏன் வெளியே இருந்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது; அதைச் சொல்ல வாயில்லை.

"பாவம், என்னைத் தேடித்தான் வேலிக்குப் போயிருக்கும்" என்றார் அவர். அதன் காதைத் தொட்டார். பிறகு என் காதையும் தொட்டார்.

காயம் ஆறியது. மார்கழி பிறந்தது. அந்த ஆண்டு பனி வழக்கத்துக்கு மிஞ்சி இறங்கியது. காலையில் அவரைக்கொடிப் பந்தலிலிருந்து மழை மாதிரி சொட்டும். போதமலை வெயிலேறும்வரை கண்ணுக்குத் தெரியாது. குளிர் ஏற ஏற, அவர் செவலையைப் படிப்படியாக உள்ளே கொண்டுவந்தார். தொழுவத்திலிருந்து வீட்டின் முன்கூடமான ஆசாரத்துக்கு. ஆசாரத்திலிருந்து அடுப்படிக்கு. பிறகு தன் பாய்க்குப் பக்கத்தில். அது ஒவ்வோர் அடியாக அவரை நெருங்கியது. நான் ஒவ்வோர் அடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்து நாயின் முன் வைப்பேன். அது குடிக்கிறதா என்று பார்ப்பேன். குடித்தால் அன்றைய பொழுது எனக்குப் பிழைத்தது. அம்மாள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். கடலை பறிக்க வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எங்கூட்டு வாத்தியாரைப் பாருங்க. நாய்க்குத் தண்ணி வெச்சுட்டுத்தான் அவரு காப்பித் தண்ணியே குடிப்பாரு. படிச்ச புள்ளைங்கள்ல இப்பிடி யாரு இருக்காங்க?"

நான் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒருதடவை துணிந்து பேசிப் பார்த்தேன். "அம்மா, நாயை இவ்வளவு கிட்டத்தில் சேர்க்காதீர்கள். உண்ணி ஏறும்."

"ஏறுனா வேப்பெண்ணெய் இருக்குதுங்க."

"நாய் வெளியே கிடக்கிற பிராணிதானே."

"நீங்களுந்தான் பொறந்தப்ப துணியில்லாமப் பொறந்தீங்க. இப்ப ரெண்டு போர்வை கேக்கலீங்களா?"

கடலை பறித்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒருநாள் போயிற்று. அப்படியே பல நாட்கள் போயின.

நான் இன்னொன்றும் செய்தேன். விடியற்காலையில் எழுந்து வேலிப் படலைத் திறந்துவைப்பேன், நாய் எங்காவது ஓடித் தொலையட்டும் என்று. அது படலுக்கு வெளியே போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கே வந்துவிடும். வெளியே குளிர். உள்ளே அவர்.

தை பிறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அம்மாள் கடலைமூட்டைச் சாக்கு ஒன்றைப் பிரித்து, தன் சிவப்புக் கண்டாங்கிச் சேலையின் முந்தானையை உள்ளே வைத்து, செவலைக்குப் புதுக் கோணி தைத்து முடித்திருந்தார். பழையது நைந்துபோயிருந்தது. அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்படியில் கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"செவலைக்குச் சளி புடிச்சிருச்சுங்க. காத்தாலேருந்து கம்புக் குதிருக்குப் பின்னால இருட்டுல போய் ஒடுங்கிக் கெடக்குது. குரலும் கம்மிப் போச்சு. தொண்டை கட்டியிருக்குது."

"தண்ணீர் குடித்ததா?"

"அதானுங்க. தண்ணி சில்லுன்னு இருக்கறதால குடிக்க மாட்டேங்குது. காய்ச்சி வெச்சேன், அப்பவும் முடியல. ஓமத்தண்ணி வெச்சிருக்கேன். காதைத் தொட்டா கொதிக்குது, ஆனா ஒடம்பு நடுங்குது. எனக்கு வெவரம் புரியலீங்க."

அவருக்குப் புரியாமல் போனதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஊரில் எந்தப் பிராணி நடுங்கினாலும், ஒடுங்கினாலும், தின்ன மறுத்தாலும், அவருக்கு அதன் பெயர் ஒன்றுதான்: கூதல், குளிர் கண்டது. அதற்கு மருந்தும் ஒன்றுதான். ஆயுள் முழுவதும் அது பலித்தும் வந்திருந்தது.

குதிருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஓமத்தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்து, அதை நாயின் வாய்க்குள் விட்டு உதட்டோரம் தடவினார். நாயின் தாடையில் நூல் நூலாக எச்சில் வழிந்தது. அவருடைய விரல்களைப் பார்த்தேன். மார்கழிப் பனியில் விரல் கணுக்களெல்லாம் வெடித்து, சிவப்புக் கோடுகளாக வாய் பிளந்திருந்தன. மறுபடியும் விரலை நனைத்தார்.

"அம்மா, கையை எடுங்கள்."

"ஏனுங்க சாமி?"

"கையை எடுங்கள். அதை வெறிநாய் கடித்திருக்கிறது."

அவர் கை அப்படியே நின்றது. "எப்பங்க?"

அந்த இடத்தில்கூட என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. "கார்த்திகையில், நீங்கள் ஊரில் இல்லாதபோது. இன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள்."

அவர் தன் விரல்களைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தார்.

"அப்ப அதுக்குக் குளிரலீங்களா?" என்றார்.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தன. நான் அவர் கையைச் சவுக்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவவைத்தேன். சடையன் கவைக்கோலால் நாயை அமுக்கி, கயிறு மாட்டி இழுத்துப்போய், கிணற்றடிப் பூவரசில் கட்டினான். அது முரண்டு பிடிக்கவில்லை, கால்கள் துவண்டிருந்தன. அது படுத்திருந்த வைக்கோல், பழைய கோணி, அவருடைய பாய் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினோம். துப்பாக்கி வைத்திருந்த அடுத்த தோட்டத்துக்காரர் விடிந்ததும் வருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மாள் உடனே சேலத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மாலைக் கரிப் பஸ்ஸைப் பிடிக்கச் சடையன் வண்டியைப் பூட்டினான்.

வண்டியில் ஏறுமுன் அவர் வழக்கம்போல என் காதை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். பாதியில் நிறுத்தி மடக்கிக்கொண்டார்.

"என்ற கை இப்ப ஆகாதுங்க" என்றார். பிறகு, மடியில் வைத்திருந்த புதுக் கோணியை என்னிடம் கொடுத்தார். "காலைல துப்பாக்கிக்காரரு வர வரைக்கும் அது பனியில கெடக்கோணும். கிட்டப் போக வேண்டாம், தூர நின்னு வீசுனாப் போதும். சாகப்போறதுதான். வெறைச்சுச் சாக வேண்டாம். போட்டுருவீங்களா சாமி?"

"போட்டுவிடுகிறேன் அம்மா."

"போயிட்டு வாரேன்."

வண்டி பாதையில் திரும்பியது. கோணியோடு நான் கிணற்றடிக்குப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. செவலை என்னைப் பார்த்து எழுந்து நிற்க முயன்றது. வால் ஆடியதா, அல்லது உடல்தான் உதறியதா, தெரியவில்லை. கயிறு நல்ல கயிறு. முடிச்சும் நல்ல முடிச்சு. பத்தடி தூரத்திலிருந்து வீசியிருக்கலாம். அது தொண்டைக்குள் ஒரு ஒலி எழுப்பியது. நான் கோணியை வேலியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அன்றும் எனக்கு இரண்டு போர்வைகள் இருந்தன.

காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். நாயைப் புதைத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்காரர் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்திருந்தா குண்டே வேண்டியிருக்காதுங்க. கட்டையா வெறைச்சுக் கெடந்துச்சு. உசுரு மட்டும் கண்ணுல இருந்துச்சு."

வேலியில் கிடந்த கோணி பனியில் நனைந்து கனத்திருந்தது. அதை வெயிலில் காயவைத்து, மடித்து, தொழுவத்துப் பரணில் வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை.

மாசியில் அவர் திரும்பி வந்தார். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளால் வயிறு வீங்கி, குனிந்து மெதுவாக நடந்தார். ஆனால் உயிரோடு வந்தார். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடியிருந்தார்கள். தம்பியும் வந்திருந்தார்.

"வாத்தியாரு மட்டும் வெசையா வந்து சொல்லலீன்னா, எங்கக்கா இந்நேரம் இல்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாளும் தலையசைத்து, "சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். அவர் சொன்ன சாமி நான்தான். எல்லாருக்கும் முன்னால் அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்ததில்லை. கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தொழுவத்துக்குள் போனார். கன்றின் காதைத் தொட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"கோணி போட்டீங்களா சாமி?"

"போட்டேன் அம்மா."

"எந்திரிச்சு ஒதறாம வெச்சுக்கிச்சுங்களா?"

"ஆமாம். அதன்மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது."

அவர் நிமிர்ந்தார். பரணில் மடிப்புக் கலையாமல் இருந்த கோணியைப் பார்த்தார். வெறிநாய் படுத்த கோணி என்றால் அதையும் கொளுத்தியிருக்க வேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அவர் எட்டி அதை எடுத்தார். வெயிலுக்குக் கொண்டுவந்து ஒருமுறை உதறினார். கடலைத் தூசி கொஞ்சம் பறந்தது. வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே வைத்துத் தைத்திருந்த சிவப்பு முந்தானையை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு முடிகூட இல்லை.

என்னைப் பார்க்காமல் கோணியை மடித்தார். நான்காக மடித்ததை எட்டாக மடித்தார்.

"சரிங்க" என்றார்.

கார்த்திகையில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. வாடகையை உயர்த்தவில்லை, அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை, தினமும் எனக்குக் கூழோ சோறோ சூடாகவே வந்தது. அடுத்த ஐப்பசியில் யாரோ கொடுத்த நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. சிவப்பு முந்தானை வைத்த கோணி அதற்கு ஆயிற்று. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் குட்டியை மடியில் கட்டிக் கூடவே எடுத்துப்போனார்.

மாற்றலாகிப் போகும்வரை இன்னொரு மார்கழியையும் அந்த வீட்டில் கழித்தேன். பொழுது சாய்ந்ததும் அவர் தன் சுற்றைத் தொடங்குவார். கன்றின் காது. பூனையின் காது. குட்டியின் காது. கவுதாரிக் கூண்டின் சாக்கு. சடையனைக்கூட, அவன் பீடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கடைசியில் என் அறை வாசலுக்கு வருவார். நான் எழுந்து நிற்பேன். சிறு பிள்ளைபோல, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கூட நின்றிருக்கிறேன்.

"பனி எறங்குது" என்பார், வாசற்படிக்கு அப்பாலேயே நின்று. "கதவைச் சாத்திக்குங்க, வாத்தியாருங்க."